சூட்டுப் புண் சக்கரவர்த்தி

மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்தில் காகம், மோட்டார் சைக்கிள் இரண்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் காணக் கிடைப்பது சூட்டுக்காரர் என்னும் இனம். இதை அடையாளம் காணப் பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. காலையில் ஏதாவது ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம், கொஞ்சம் சத்தமாக, "வாயில புண்ணு, சாப்பிட முடியலை" என்று சொல்லுங்கள். எந்தத் தலை தே தாரிக் டீ கிளாசிலிருந்து முதலில் நிமிர்ந்து, உங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல், "சூடு!" என்கிறதோ, அதுதான் அது. பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு நீங்கள் விட்டாலும் அவர் விட மாட்டார்.

சூட்டுக்காரரின் வைத்திய சாஸ்திரம் மிகச் சுருக்கம். கண் சிவந்தால் சூடு. வாய் வெந்தால் சூடு. டுரியான் பழம் தின்றால் சூடு. வாங்க முடியாமல் கடை வாசலில் நின்று பார்த்தாலும் சூடு. மகன் கல்யாணம் வேண்டாம் என்றால் அவனுக்கும் உடம்பில் சூடுதான். மருந்தும் சுருக்கம்: இளநீர், பார்லித் தண்ணீர், சீனக் கடைக் கசப்புத் தண்ணீர், படுக்கப் போகும்போது தொப்புளில் விளக்கெண்ணெய். குணமானால் மருந்து கேட்டது. குணமாகாவிட்டால் நோயாளி ஒழுங்காகக் குடிக்கவில்லை. வைத்தியர் தப்பு செய்தார் என்பதற்கு இந்தச் சாஸ்திரத்தில் இடமே கிடையாது. எந்தப் பல்கலைக்கழகத்தில் இவ்வளவு வசதியான படிப்பு இருக்கிறது?

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் பண்டமாரானுக்குப் போக வேண்டும். டயர் கடை ராதாகிருஷ்ணன் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். துறைமுக ரோட்டோரத்தில், ஒரு ஜாக்கியும் கைப் பம்பும் வைத்துக்கொண்டு வெயிலில் குந்தியிருந்து லோரிக்கு டயர் மாற்றிய மனிதர், இன்றைக்கு மூன்று ஷட்டர் கடைக்கு முதலாளி. இது உண்மை, அவர் உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. சொல்ல அவகாசமும் கிடைக்காது, அவரே சொல்லிக்கொண்டிருப்பார். காற்றுப் பிடிக்க வந்த பையனிடம் சொல்வார். வழி கேட்டு வந்த வங்காளதேசத்துக்காரரிடம் சொல்வார். "நான் படிச்சது ஆறாம் ஆண்டோட சரிலா! இன்னிக்கி டிகிரி படிச்சவன் என் கடை வாசல்ல கைகட்டி நிக்கிறான்!" பஞ்சரானால் டிகிரி படித்தவரும் நிற்கத்தான் வேண்டும், படிக்காதவரும் நிற்கத்தான் வேண்டும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஆனால் டயர் விஷயத்தில் அவர் மேதை. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். லோரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு இருந்தால் போதும், சாமி வந்தவர் மாதிரி ஆடுவார்.

"எத்தனை நாளாடா இது இருக்கு?"

"தெரியலை அண்ணே. காத்து எறங்கலை. ஓடுது, அதான் விட்டுட்டேன்."

"ஓடுதா? ஓடுதுன்னு விட்டியா? டயரு வலிக்குதுன்னு சொல்லுமா உங்கிட்ட? கெசாஸ் ரோட்ல நூத்துப் பத்துல போவும்போது வெடிக்கும், அப்ப சொல்லும்! முன்னயே காட்டியிருந்தா சின்ன வேலைடா! மாடு!"

ஓட்டுநர்கள் இந்த வசவைச் சாபமாக நினைப்பதில்லை. உயிர் காத்த வசவு என்று தெரியும். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் கழற்றிவிடுவார்கள். இவ்வளவு தெளிவான மனிதர் தம் சொந்த வாய்க்குள் வந்த புடைப்பை என்ன செய்தார் என்பதுதான் நம் கதை.

அவர் இடது கடைவாயில் ஒரு வெற்றிலைச் சுருள் எப்போதும் ஒதுங்கியிருக்கும். லோரிக்காரர்களோடு ராத்திரி முழுக்க விழித்திருந்து வேலை செய்த காலத்தில், தூக்கம் வராமலிருக்கப் புகையிலையோடு போட ஆரம்பித்தது. இப்போது ராத்திரி வேலை இல்லை, சுருள் மட்டும் இருக்கிறது. கேட்டால் பண்பாடு என்பார். "சிகரெட்டுதான் கெடுதல். வெத்தலை நம்ம பரம்பரைலா. சாமிக்கே வெக்கிறோம்!" சாமிக்கு வைப்பதில் புகையிலை உண்டா என்று அவர் மனைவி புஷ்பவல்லி ஒருமுறை கேட்டார். அன்றைக்குக் கறி உப்பாக இருந்ததாக ராதாகிருஷ்ணன் கண்டுபிடித்தார்.

அந்தச் சுருளுக்குப் பக்கத்தில், நாக்கின் இடது ஓரத்தில், கடைவாய்ப் பல்லுக்கு நேராக ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. நடுவில் கொஞ்சம் சிவப்பு. வலி கிடையாது, மிளகாய்ச் சம்பால் பட்டால் மட்டும் சுருக்கென்றது. சூடு என்றார். பார்லி வாளி வாளியாக வெந்தது. திட்டு அசையவில்லை. இளநீர் வந்தது, கசப்புத் தண்ணீர் வந்தது, விளக்கெண்ணெய் வந்து படுக்கை விரிப்பும் நாசமானது. திட்டு வீடு கட்டிக் குடியிருந்தது.

வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் பயந்திருப்பார். சக்கரவர்த்தி பயப்படவில்லை, நோயைச் சூட்டிலிருந்து பதவி உயர்த்தி முருகனிடம் ஒப்படைத்துவிட்டார். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் நாக்கில் வேல் அலகு குத்திக்கொள்பவர் அவர். "வேலு ஏறின நாக்குலா. முருகன் வெச்ச முத்திரை. இதைப் போய் டாக்டர்கிட்ட காட்டுனா சாமி குத்தம்." முருகனுக்கே இது புதுச் செய்தியாக இருந்திருக்கும்.

எண்ணிப் பாருங்கள். அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில், உறுமி முழங்க, நாக்கை முழத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறவர், ஒரு பல் டாக்டர் கையிலிருக்கும் சின்னக் கண்ணாடியைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்குத் தாவுகிறார். இதற்குப் பெயர் வீரமா, பக்தியா? மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது. மரியாதை கருதி விட்டுவிடுவோம்.

அவருக்குக் கண்ணெதிரே பாடம் இல்லாமலும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் அம்புரோஸ் என்று ஒரு சிநேகிதர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நாக்கடியில் ஆறாத புண் வந்தபோது, பல் கிளினிக்குக்குக் கிளம்பி நின்ற மனிதரைப் பிடித்து உட்கார வைத்து, "சூடு! பல்லைப் புடுங்குறவனுக்குப் புண்ணைப் பத்தி என்னா தெரியும்?" என்று சொன்னது நம் சக்கரவர்த்திதான். அம்புரோஸ் பார்லி குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார். கழுத்தில் கட்டி எழும்பிய பிறகு மருத்துவமனைக்குப் போனார். பாதித் தாடையை எடுத்தார்கள். ராதாகிருஷ்ணன் பார்க்கப் போனார், கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு. ஆரஞ்சு! பாதித் தாடை இல்லாதவருக்கு!

திரும்பி வரும்போது கார் ஓட்டிக்கொண்டே புஷ்பவல்லியிடம் அவர் எடுத்துச் சொன்ன பாடம் இது: "கடையில விக்கிற பார்லியைக் குடிச்சிருக்காரு. வீட்டுல காச்சணும்."

புஷ்பவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்படி இருக்கும்போது ஆடி மாதம் கோயில் மண்டபத்தில் இலவச வாய்ப் பரிசோதனை முகாம் வந்தது. கோயில் செயலாளர் குரு ஏற்பாடு. வந்தவர்களுக்கு மீகூன் பலகாரமும் சிராப் சர்பத்தும் யார் உபயம்? ராதாகிருஷ்ணன். அப்படியானால் திறந்து வைப்பது யார்? அதே ஆள். பொன்னாடை போட்டார்கள். சுருளை வெளியே துப்பிவிட்டு, கொப்பளித்துவிட்டு மேடை ஏறினார். கையுறை மாட்டிய பல் மருத்துவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று காத்திருக்க, வந்த ஜனங்கள் விசிறிக்கொள்ள, தாம் ஜாக்கியோடு குந்தியிருந்த காலம் தொடங்கி மூன்றாவது ஷட்டர் வரைக்கும் வந்து, கடைசியில் மைக்கைச் சாய்த்துப் பிடித்து முழங்கினார்: "நோயை ஆரம்பத்துலயே கண்டுபிடிக்கணும்! வெக்கப்படாம வாயைத் தொறந்து காட்டுங்க! நம்ம ஜனங்களுக்கு இன்னும் விழிப்புணர்வு பத்தலை!"

கைதட்டல்.

இறங்கி வந்து ஆட்களைத் தோளைப் பிடித்து வரிசையில் தள்ளினார். "நீ போ. ஏ, நீயும் போ. என்னா பயம்? நாலு நிமிஷ வேலைலா." மனைவியையும் தள்ளினார். புஷ்பவல்லி வரிசையில் நின்றபடி, "நீங்க?" என்றார்.

"நான் தெறப்பாளரு."

இந்தப் பதில் அவருக்கே மிகவும் பிடித்துப்போய்விட்டது.

அப்போதுதான் குரு கேமராவோடு வந்தார். "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாம். நாற்காலியில சாஞ்சு வாயைத் தொறந்த மாதிரி. பேப்பருக்கு அனுப்பணும்."

"என்னையா? எதுக்கு?"

"தலைவரே முன்னுதாரணமா காட்டினாருன்னு போடுவோம். கலர்ல."

"சும்மா போஸ்தானே?"

"போஸ்தான் அண்ணே. வெறும் போஸ்."

இந்த இனத்துக்குக் கத்தியிடம் பயம், கண்ணாடியிடம் பயம், கேமராவிடம் மட்டும் பயம் கிடையாது. பொன்னாடையைச் சரி பண்ணினார், தலையைக் கோதினார், நாற்காலியில் சிம்மாசனம் போலச் சாய்ந்தார். டாக்டர் கிறிஸ்டின் வந்தார். சின்ன உருவம், பார்த்தால் கல்லூரிப் பெண் மாதிரி. விளக்கைத் திருப்பினார். ராதாகிருஷ்ணன் பத்துமலை ஞாபகத்தில் நாக்கைத் தாராளமாக நீட்டினார். டாக்டர் அதை ஒரு துணித் துண்டால் பிடித்து, மெதுவாக ஒரு பக்கம் இழுத்து, கண்ணாடியை உள்ளே விட்டார். குரு படக் படக்கென்று எடுத்தார்.

"ஆச்சு அண்ணே! நல்லா வந்திருக்கு!"

ராதாகிருஷ்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நாக்கு இன்னும் டாக்டர் கையில் இருந்தது.

"அங்கிள், மூடாதீங்க. இது எவ்வளவு நாளா இருக்கு?"

"ஹூடு," என்றார் அங்கிள்.

"தைப்பூசத்துலேருந்து டாக்டர்!" என்று வரிசையிலிருந்து புஷ்பவல்லியின் குரல் வந்தது.

நாக்கு விடுதலையானது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. ராதாகிருஷ்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு கம்பீரத்தைத் தேடினார். "அது ஒண்ணுமில்லம்மா. அலகு குத்துன எடம். முருகன் வேலு ஏறுன தழும்பு."

புஷ்பவல்லி வரிசையை விட்டு வந்துவிட்டார். வருஷா வருஷம் பத்துமலையில் பக்கத்தில் நின்று வேல் தாம்பாளத்தை ஏந்துகிறவர் அவர்தான். "வேலு ஏறுறது நாக்கு நுனியில. இது கடவாப் பல்லுகிட்ட இருக்கு. அங்கேருந்து இங்க எப்படிப் போச்சு, பஸ் புடிச்சா?"

சிரித்தது யார் யார் என்று ராதாகிருஷ்ணன் மனதில் குறித்துக்கொண்டார். கிட்டத்தட்ட எல்லாரும்.

டாக்டர் கிறிஸ்டின் சிரிக்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். "கட்டி ஒண்ணும் இல்லை. நல்லது. ஆனா அங்கிள், ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு, வெள்ளையா செவப்பா திட்டு, எது இருந்தாலும் பார்த்திடணும். ஹாஸ்பிட்டலுக்கு எழுதித் தர்றேன். கொஞ்சூண்டு சதை எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க."

"வலியே இல்லையேம்மா!"

"அதான் கவலை அங்கிள். வலிச்சிருந்தா அப்பவே வந்திருப்பீங்க."

"கத்தி வெச்சா பரவிடும்னு சொல்றாங்களே."

"விட்டு வெச்சாத்தான் பரவும். இப்ப பார்த்தா சின்ன வேலையா முடிச்சிடலாம். வெத்தலை, புகையிலை போடுவீங்களா?"

"எப்பவாச்சும்," என்றார். சிவந்த பற்களெல்லாம் அதற்குச் சாட்சி சொல்லிச் சிரித்தன.

வழியெல்லாம் அடைபட்டுப் போன சூட்டுக்காரர் கடைசியாக எங்கே ஒதுங்குவார்? பஞ்சாங்கத்தில். "சரிம்மா. ஆடி போவட்டும். ஆடியில நாம புதுசா எதுவும் தொடங்குறதில்லை."

"புதுசா எங்க தொடங்குறீங்க?" என்றார் புஷ்பவல்லி. "தையில தொடங்குனதுதானே இது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. புஷ்பவல்லியின் குரல் கடைசிச் சொல்லில் கொஞ்சம் உடைந்திருந்தது. அம்புரோஸ் வீட்டில் கரண்டியால் கஞ்சி ஊட்டுவதை அவரும்தான் பார்த்திருந்தார்.

இவ்வளவுக்குப் பிறகு அவர் மறுநாளே மருத்துவமனைக்கு ஓடியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது. டாக்டர் கொடுத்த கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டுக் கடைக்குப் போனார். அந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று வேலையாட்களிடம் விளக்கினார். பார்லியில் இன்னும் கொஞ்சம் கற்கண்டு சேர்க்க வேண்டும் என்ற புதிய கண்டுபிடிப்பையும் வெளியிட்டார். புஷ்பவல்லி பேசவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது ஜெயித்திருக்கலாம். பேசாமலிருந்தால் என்ன செய்வது?

அந்த வாரமே ஒரு கண்டெய்னர் லோரி வந்து நின்றது. ராதாகிருஷ்ணன் வழக்கம் போல ஒரு சுற்றுச் சுற்றினார். பின்சக்கரத்தில் புடைப்பு.

"எத்தனை நாளாடா இது இருக்கு?"

"ரொம்ப நாளா இருக்கு அண்ணே. காத்து எறங்கலையே."

"எறங்கலைன்னா விட்டுடுவியா? டயரு வலிக்குதுன்னு சொல்லுமா உங்கிட்ட? முன்னயே காட்டியிருந்தா சின்ன..."

அங்கே நின்றுவிட்டது. ஓட்டுநர் மீதி வசவுக்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தார், 'மாடு' வரவில்லை. ராதாகிருஷ்ணன் அந்தப் புடைப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நாக்கு தானாகக் கடைவாய்ப் பக்கம் போய், அந்தத் திட்டைத் தொட்டுப் பார்த்தது. வலிக்கவில்லை. முதல் தடவையாக அது வலிக்காதது அவருக்குப் பயமாக இருந்தது. கைக்கரியைத் துடைக்காமலே போனை எடுத்தார்.

"புஷ்பா. என் ஐசி கார்டை எடுத்து வை. அந்த லெட்டரையும்."

டெஸ்ட் முடிவு வந்தது. புற்றுதான். ஆனால் இப்போதுதான் தலைகாட்டியிருந்தது. நாக்கைத் தாண்டி எங்கும் போகவில்லை. நாக்கோரத்தில் ஒரு துண்டை எடுத்தார்கள், தையல் போட்டார்கள், நல்ல வேளையில் வந்தீர்கள் என்று சொல்லி, வெற்றிலைக்கும் புகையிலைக்கும் முழுக்குப் போடச் சொல்லி, தவறாமல் மறுபார்வைக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள். சில வாரம் பேசக் கூடாது, கஞ்சிதான். பண்டமாரான் அந்தச் சில வாரமும் அனுபவித்த அமைதியை இன்றும் பேசிக்கொள்கிறது.

பேச்சு திரும்பியதும் என்ன ஆயிற்று என்று சொல்லவும் வேண்டுமா? சகரம் வரும் இடத்தில் மட்டும் நாக்கு லேசாக வழுக்குகிறது. மற்றபடி பழைய ராதாகிருஷ்ணன்தான். குரு எடுத்த படத்தைச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார்: பொன்னாடையோடு, வாயைப் பிளந்தபடி. "ஆரம்பத்துலயே நானே கண்டுபிடிச்சேன்லா! டிகிரி படிச்சவன் எத்தனை பேருக்கு இந்தப் புத்தி வரும்?" புஷ்பவல்லி கல்லாவில் உட்கார்ந்து, சில்லறை எண்ணுகிறார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் இந்தக் கதையை முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார், இந்த முறை ஆரஞ்சு இல்லாமல். போஸ் கொடுக்கப் போனதை, டாக்டர் நாக்கை விடாமல் பிடித்ததை, திட்டு பஸ் பிடித்ததையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அம்புரோஸ் தம் பாதித் தாடையைக் கைக்குட்டையால் ஒற்றியபடி கேட்டார். பிறகு, குழறினாலும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, சிநேகிதருக்குப் புரிகிற மாதிரி கேட்டார்:

"அப்ப என்னையும் ஒரு போஸ் குடுக்கச் சொல்லியிருக்கலாமே, ராதா?"

சூடு என்ற சொல் அன்றைக்கு ராதாகிருஷ்ணன் வாயில் வரவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, "எங்க தெருவிலும் இப்படி ஒருத்தர் இருக்கார்" என்று சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சத்தமாகவே சிரியுங்கள், வாயைத் திறந்து. ஆனால் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வெள்ளைத் திட்டைப் பற்றிச் சொன்ன இடத்திலிருந்து உங்கள் நாக்கு கன்னத்துக்குள் எதையோ தேடித் தடவிக்கொண்டே இருக்கிறதே, அங்கே என்ன? எத்தனை நாளாக?

வலிக்கவில்லையா?

அப்படியானால் சூடுதான். போய்ப் பார்லி காய்ச்சுங்கள்.